உடும்புப் பிடி

இழுக்காதீங்க சார். இழுக்க இழுக்க இறுகும். நான் வேணும்னு பிடிக்கல, சத்தியமா. டோல்கேட்ல டிரைவர் ஒரு பிரேக் அடிச்சாரு பாருங்க, அதுல பயந்து போய் பிடிச்சிருச்சு. பயந்தது நான் இல்ல, கை. எனக்கும் அதுக்கும் ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது.

ஒட்டுவாரொட்டி எல்லாம் இல்ல, முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. பக்கவாதம். வலது பக்கம் அடிச்சா பேச்சும் போயிரும்னு டாக்டர் சொன்னாரு. எனக்குப் போகல. எங்க வீட்டம்மா குணவதிக்கு அதுல இன்னும் வருத்தம் இருக்கு. காலு அப்படி இப்படின்னு திரும்பி வந்திருச்சு, நல்லா நடப்பேன். கைதான் இப்படி. நான் சொன்னா கேக்காது. ஆனா எதையாச்சும் பிடிச்சிருச்சுன்னு வைங்க, உடும்புப் பிடி.

எங்க எறங்கணும் நீங்க? சிறுகனூரா? அட, இன்னும் சமயபுரமே வரலையே. அதுக்குள்ள விட்டுரும். பிசியோதெரபி பண்ற பொண்ணு பெனிட்டா சொல்லும், "அங்கிள், உங்க கை சின்னப் புள்ள மாதிரி. நீங்க பதறினா இறுகும், ஒரு நல்ல வார்த்தை கேட்டா இளகும்"னு. ஆனா இன்னிக்கு நானே கொஞ்சம் பதட்டமாத்தான் இருக்கேன். பெரம்பலூர்ல ஒரு காலேஜ்ல வேலைவாய்ப்பு முகாம். அங்க ஒருத்தரைப் பாக்கணும். அவரை இந்தக் கைதான் எனக்குப் பழக்கம் பண்ணி வெச்சுது.

மடியில என்ன அட்டைப்பெட்டி? செல்போன் கவரா! கடை வெச்சிருக்கீங்களா? இன்னும் திறக்கலையா, போய்த்தான் திறக்கணுமா? அடடா, அப்ப நாம ஒரே சாதி சார். வியாபார சாதி. நான் திருச்சியில ஜவுளிக்கடை. கடைப் பேரு வேண்டாம், பெரிய கடை. பட்டு செக்‌ஷன். என் பேரு வேதமூர்த்தி. "கைராசி வேதமூர்த்தி"ன்னு கேட்டா கடைவீதியில டீ மாஸ்டர் வரைக்கும் சொல்லுவாங்க.

உங்களுக்குத் தெரியாததா. கடை திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி, முதலாளி கல்லாவுல உக்காருவாரு. முதல் கிராக்கி உள்ள வந்ததும் மத்த சேல்ஸ்மேன் எல்லாம் கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. முதலாளி ஒரு குரல் குடுப்பாரு, "வேதமூர்த்தி, போணி!" நான்தான் எடுத்துப் போடணும். முதல் சரக்கு என் கையாலதான் போகணும். கைக்குட்டை கேட்டு வந்தாலும் சரி, கல்யாணப் பட்டு கேட்டு வந்தாலும் சரி. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். முதலாளி என்ன பண்ணாரு தெரியுமா? ஒரு துண்டை ஆள்கிட்ட குடுத்து வீட்டுக்கு அனுப்பி, நான் அதைத் தொட்டுக் குடுத்த பிறகு கொண்டு போய்த்தான் போணி பண்ணாரு. அந்தத் துண்டு வாங்கினவருக்கு அன்னிக்கே ஆம்பளப் புள்ள பொறந்துச்சாம். அது துண்டால இல்லன்னு நீங்க சொல்லலாம். முதலாளி கேக்க மாட்டாரு.

அப்பறம் இது வந்துச்சு. முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸோட வந்தாரு. "கை சரியாகட்டும் வேதமூர்த்தி, உன் இடம் உனக்குத்தான்"னாரு. நல்ல மனுஷன். தேறினதும் ஒரு நாள் காலைல கடைக்குப் போனேன். வாசல்லயே ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, அதாவது இடது கையை, "காலைல வராதப்பா, பதினோரு மணிக்கு மேல வா"ன்னாரு. காலைல கூட்டம் இடிக்கும்னு அக்கறை. நான் வீட்டுல வந்து பெருமையா சொன்னேன். குணவதி காய் நறுக்கிக்கிட்டே சொன்னா, "பதினோரு மணிக்குள்ள போணி முடிஞ்சிரும். விளங்காத கை முன்னாடி நிக்கக் கூடாதுன்னு சொல்றாரு. அது கூட புரியலையா உங்களுக்கு?"

புரியாம என்ன சார். அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல. நான் நின்ன இடத்துல இப்ப ஒரு பில் மெஷினை வெச்சிருக்காங்க. அதுக்கு என்ன ராசி இருக்குன்னு வெச்சாங்களோ.

அதான் வேலை தேடக் கெளம்பினேன். எனக்குச் சம்பளம் கூட ரெண்டாம் பட்சம் சார், பையன் அனுப்பறான். காலைல எந்திரிச்சு குளிச்சு, "நேரமாச்சு"ன்னு ஒருத்தர்கிட்ட சொல்லணும். நான் வந்தாத்தான் ஆகும்னு ஒரு இடம் இருக்கணும். வேற ஒண்ணும் இல்ல.

இருங்க, அந்த விரலை அசைக்காதீங்க. அது சண்டைக்கு வர்றதா நெனச்சுக்கும்.

போன தடவை திருச்சியில நடந்த முகாமுக்கு முன்னாடி வழிகாட்டி வகுப்புன்னு ஒண்ணு வெச்சாங்க. மாற்றுத்திறனாளிகளுக்குன்னு தனியா. மைக்கை காதுல மாட்டிக்கிட்டு ஒரு அம்மா பேசினாங்க. "வேலை விண்ணப்பத்துல கிடைக்கிறதில்ல, நெட்வொர்க்குல கிடைக்குது. தொடர்புகளை வளர்த்துக்கணும்." நான் அதை அப்படியே வீட்டுல வந்து சொன்னேன். "குணவதி, இனிமே நான் வெளியில தொடர்பு வெச்சுக்கப் போறேன்"னேன். தோசைக் கரண்டியோட வந்தா. விளக்கிச் சொல்றதுக்குள்ள தோசை கருகிருச்சு.

தொடர்புக்கு முதல் படி கை குலுக்கறதாம். செத்த மீன் மாதிரி கையைக் குடுக்கக் கூடாதாம். அழுத்திப் பிடிக்கணும், கண்ணைப் பாக்கணும், சிரிக்கணும். நான் கையைத் தூக்கி, அதாவது இந்தக் கையால அந்தக் கையைத் தூக்கி, "அம்மா, எனக்கு?"ன்னேன். "நீங்க இடது கையை நீட்டுங்க சார்"ன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. காலமெல்லாம் வலது கையால எடுத்துப் போட்டு, வலது கையால தாம்பூலப் பை குடுத்தவன் நான். வேலை கேக்கப் போற இடத்துல இடது கையை நீட்டறதா? எவன் குடுப்பான்? அதனால நானே ஒரு முறை கண்டுபிடிச்சேன். இடது கையால வலது கையைத் தூக்கி, தட்டுல வெச்சுக் குடுக்கற மாதிரி எதிராளி கையில வெச்சிட வேண்டியது. வீட்டுல கதவுக் கைப்பிடியில பழகினேன். கதவு ரெண்டு தடவை என்னோடயே வந்துச்சு, அதைப் பெருசா எடுத்துக்கல.

முகாம் அன்னிக்கு காலேஜ் வாசல்ல ஒரு பொண்ணு வீல்சேரோட நின்னுச்சு. "உக்காருங்க சார்." "எனக்குக் கால் நல்லா இருக்கும்மா." "இல்ல சார், எனக்கு இன்னிக்கு வீல்சேர் டியூட்டி. காலைலேருந்து யாருமே வரல. தள்ளலேன்னா அட்டெண்டன்ஸ் கிடையாதாம்." அழுதிரும் போல இருந்துச்சு. சரி, ஒரு புள்ளைக்கு அட்டெண்டன்ஸ் கிடைக்கட்டும்னு உக்காந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு, சும்மா சொல்லக் கூடாது.

முதல் ஸ்டால் ஒரு வீட்டுக்கடன் கம்பெனி. எச்.ஆர். மேனேஜர் ஜெயதேவ். நல்ல செகப்பு, நல்ல டை. அவர் ஸ்டால்ல ஈ ஓட்டிக்கிட்டு இருந்தாரு. நான் சிரிச்சேன். கண்ணைப் பாத்தேன். கையைத் தூக்கி அவர் கையில வெச்சேன். "வேதமூர்த்தி, பட்டு செக்‌ஷன்"னேன். "வெரி நைஸ்"னாரு. அவ்ளோதான் சார். பிடிச்சிருச்சு.

முதல்ல சிரிச்சாரு. "நல்ல கிரிப்"னாரு. அப்பறம் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சுச்சு. அப்பறம் இழுத்தாரு. நான் சொன்னேன், உங்ககிட்ட சொன்ன மாதிரியே, இழுக்காதீங்க சார்னு. அவர் எம்.பி.ஏ., கேப்பாரா? பக்கத்து ஸ்டால்காரங்க வந்தாங்க. ஒருத்தர் கேன்டீன்லேருந்து பாமாயில் கொண்டு வந்து ஊத்தினாரு. ஒருத்தர் சாவிக்கொத்தைக் கொண்டு வந்து என் உள்ளங்கையில திணிக்கப் பாத்தாரு. "அது காக்கா வலிப்புக்கு சார், இது பக்கவாதம்"னேன். "எல்லாம் ஒண்ணுதான்"னாரு. இப்படித்தான் இருக்கு நாடு.

கடைசியில முதலுதவி அறைக்குப் போகலாம்னு முடிவாச்சு. அது மைதானத்துக்கு அந்தக் கோடியில, மேடைக்குப் பின்னாடி. ரெண்டு பக்கமும் ஸ்டால். நான் வீல்சேர்ல, பொண்ணு தள்ளுது, ஜெயதேவ் பக்கத்துல ஓடி வர்றாரு, கை கோத்தபடி. பாக்கறவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒவ்வொரு ஸ்டால்காரனும் எந்திரிச்சு நின்னான் சார். "ஜெயதேவ் சார், யாரு இவங்க?" அவர் என்ன சொல்லுவாரு? மாட்டிக்கிட்டேன்னா சொல்லுவாரு? "நமக்கு வேண்டியவர்"னாரு. நமக்கு வேண்டியவர்! ஒவ்வொருத்தனும் அட்டையை எடுத்து என் சட்டைப் பையில சொருகினான். அன்னிக்கு வளந்த தொடர்பு மாதிரி எனக்கு ஆயுசுலயே வளரல.

பாதி வழியில ஜெயதேவுக்கு ஷூ கடிச்சிருச்சு. புது ஷூ. நொண்டறாரு, வேர்த்துக் கொட்டுது. எனக்கு மனசு கேக்கல. "நீங்க உக்காருங்க சார், நான் நடக்கறேன்"னு எந்திரிச்சிட்டேன். அந்தப் பொண்ணு ஒரு கேள்வி கேக்கல. அதுக்கு யாரையாச்சும் தள்ளினா போதும்.

இப்ப பாருங்க. அவர் வீல்சேர்ல, எண்ணெய் வழிஞ்ச கையோட, ஒரு காலு ஷூ இல்லாம. நான் பக்கத்துல, கையைப் பிடிச்சுக்கிட்டு. நேரா மேடைக்கிட்ட போயிட்டோம். சிறப்பு விருந்தினர் ஒரு அரிசி ஆலை அதிபர். பெரிய மனுஷன், பெரிய மனசு. அவர் கண்ணுல நாங்க பட்டுட்டோம். மைக்கோட கீழ எறங்கி வந்துட்டாரு. ஜெயதேவுக்குப் பொன்னாடையைப் போத்தினாரு.

"என்ன படிச்சிருக்கீங்க தம்பி?"

"எம்.பி.ஏ. சார். இல்ல சார், நான் வந்து..."

"அனுபவம்?"

"பத்து வருஷம். சார், ஒரு நிமிஷம், நான்..."

"கூச்சப்படாதீங்க தம்பி. பத்து வருஷ அனுபவம், இவ்ளோ படிப்பு, இந்த நிலைமையில வரிசையில வந்து நிக்கிறீங்களே!" அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. கூட்டம் கை தட்டுது. "நம்ம ஆலையில எச்.ஆர். இடம் காலியா இருக்கு. கடைசியா வாங்கின சம்பளத்துல ஒண்ணரை மடங்கு. நான் வாக்கு குடுத்தா குடுத்ததுதான்."

ஜெயதேவ் வாயைத் திறந்தாரு. ஒண்ணரை மடங்குன்னதும் மூடிட்டாரு.

அப்பறம் அந்த அதிபர் என் முதுகுல தட்டினாரு. "நீங்கதான் இவரைப் பாத்துக்கறீங்களா? இந்தக் காலத்துல யார்யா இப்படி விடாம கையைப் பிடிச்சுக்கிட்டு வர்றா!" எனக்கும் கண்ணு கலங்கிருச்சு சார். உண்மைதானே, நான் விடவே இல்லையே. ஃபோட்டோ எடுத்தாங்க, அடுத்த நாள் பேப்பர்ல வந்துச்சு. "கை கொடுத்த நல்ல உள்ளம்"னு போட்டு. என் தலை பாதி வெட்டுப்பட்டுருச்சு, ஆனா கை முழுசா விழுந்திருக்கு. லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன்.

மேடைக்குப் பின்னாடி போனதும் ஜெயதேவ் அழாத குறையா கேட்டாரு. "ஐயா, உங்களுக்கு என்னதான்யா வேணும்?" "வேலை சார்"னேன். "தர்றேன். என் கம்பெனியில உங்களுக்கு ஒரு இடம். நாளைக்கே வாங்க. இப்ப விடுங்க." சொல்லி வாய் மூடல, பட்டுனு விட்டுருச்சு சார், பூ விரியற மாதிரி. பெனிட்டா சொன்னது சரியாப் போச்சு. ஒரு நல்ல வார்த்தை. ஜெயதேவ் ஷூவைக் கையில எடுத்துக்கிட்டு ஓடினாரு. வேலை ஜாஸ்தி இருக்கும்.

மறுநாள் குளிச்சு, விபூதி வெச்சு, "நேரமாச்சு குணவதி"ன்னு சொல்லிட்டு, எத்தனை நாள் கழிச்சு சொல்றேன் தெரியுமா, கம்பெனிக்குப் போனேன். ரிசப்ஷன்ல சொன்னாங்க, "ஜெயதேவ் சார் ரிசைன் பண்ணிட்டாரே." அரிசி ஆலைக்குப் போயிட்டாரு! "எனக்கு ஒரு இடம் தர்றேன்னாரும்மா"ன்னேன். "இப்ப அவர் இடம்தான் சார் காலியா இருக்கு. உங்ககிட்ட எம்.பி.ஏ. இருக்கா?"ன்னு கேட்டுச்சு.

ஃபோன் பண்ணினேன். "நீங்கள் தொடர்புகொள்ளும் நபர் தற்போது பிஸியாக இருக்கிறார்"னு வந்துச்சு. அப்பலேருந்து பிஸிதான் சார், பாவம். ராத்திரி பண்ணாலும் பிஸி, தீபாவளிக்குப் பண்ணாலும் பிஸி. புது வேலை, அரிசின்னா சும்மாவா. குணவதி ஃபோன்லேருந்து பண்ணினா உடனே எடுக்கறாரு, என் குரல் கேட்டதும் லைன் கட் ஆயிருது. டவர் பிரச்சினை. குணவதி சொல்றா, "உங்க கைராசி எல்லாம் பிடிபட்டவனுக்குத்தான், பிடிச்சு வெச்சிருக்கற உங்களுக்கு இல்ல"ன்னு. அவ அப்படித்தான் பேசுவா. நான் யோசிச்சுப் பாத்தேன். அந்த மனுஷனுக்கு ஒண்ணரை மடங்கு சம்பளம் என் கையாலதானே வந்துச்சு? அப்ப ராசி போகலையே சார்! கை போயிருக்கு, ராசி போகல. இதை முதலாளிகிட்ட போய்ச் சொல்லணும்னு இருக்கு. ஆனா பதினோரு மணிக்கு மேல சொல்லி என்ன பிரயோஜனம்.

இன்னிக்கு பெரம்பலூர் முகாம்ல அரிசி ஆலை ஸ்டால் போட்டிருக்காங்களாம். ஜெயதேவ் கண்டிப்பா இருப்பாரு. நேர்ல பாத்தா டவர் பிரச்சினை இல்லையே. அன்னிக்குக் குடுத்த வாக்கைக் கேக்கப் போறேன். கேட்டுட்டு, கையையும் குடுக்கப் போறேன்.

என்ன சார், ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே இருக்கீங்க? ஓ, சிறுகனூர் வந்துருச்சா. அடடே, பேச்சு சுவாரசியத்துல... இருங்க, கை இன்னும் விடல. என்ன சொல்றீங்க, சத்தத்துல கேக்கல. கடைக்கு... யாரு, நானா? போணி பண்ணணுமா? என் கையாலயா?

இன்னொரு தடவை சொல்லுங்க சார்.

"உங்க கையால போணி பண்ணுங்க." ஆமா, அப்படித்தான் சொன்னீங்க. இந்தக் கையாலதானே? விளங்காத கைன்னு தெரிஞ்சும்தானே சொல்றீங்க? ஜெயதேவ் வேலை தர்றேன்னாரு, இடம் தர்றேன்னாரு. இப்படி ஒரு வார்த்தை அவர் சொல்லல. எங்க முதலாளி கூட கடைசியில சொல்லல சார். நீங்க பஸ்ஸுல பாத்த ஒரு மனுஷன், கவர் கடை...

என்ன, இப்ப இளகணுமேன்னு பாக்கறீங்களா? நானும் அதைத்தான் பாக்கறேன். இளகல சார். முன்னைக்கு இப்ப இறுகிருச்சு, பாருங்க, நகம் கூட வெளுத்துப் போச்சு. சந்தோஷத்துக்கும் இறுகும்னு பெனிட்டா சொல்லவே இல்லையே! வலிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்கங்க. பெட்டியை நான் வாங்கிக்கறேன், இந்தக் கை சும்மாதானே இருக்கு. ஜெயதேவ் எங்க போயிரப் போறாரு, காத்திருக்கட்டும். கடைக்கு நேரமாச்சு.

கண்டக்டர் சார், விசில் அடிச்சிராதீங்க! ரெண்டு பேர் எறங்கணும். சேர்ந்தாப்ல.